கீழே வைக்க முடியாத கொம்பு

மேலே வைக்கிறதுக்கு இல்லை சார் இது. பஸ் ஆடுற ஆட்டத்தில் உருண்டு யார் தலையிலாவது விழுந்தா வம்பு. மடியிலேயே இருக்கட்டும். நீங்க உட்காருங்க, நான் கொஞ்சம் ஒதுங்கிக்கிறேன். எங்கே, ஆண்டிபட்டியா? நல்லதாப் போச்சு. நானும் ஆண்டிபட்டிதான். அங்கே இறங்கி டவுன் பஸ் பிடிச்சு வேப்பஞ்சுனை போகணும்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்கும்போது சிரிச்சாரே, பார்த்தீங்களா? என்னைப் பார்த்தா அவருக்கு ஏனோ சிரிப்பு. போகட்டும்.

இது கொம்பு சார். காட்டாட்டுக் கொம்பு. வாய்ப்பக்கம் வெள்ளிப் பூண் போட்டிருக்கு. துண்டைச் சுத்தி வச்சிருக்கேன். அந்த ஊரில் இதில்தான் ஊத்திக் குடிப்பாங்க. எந்த ஊரா? ஜார்ஜியா. அமெரிக்காவில் ஒரு ஜார்ஜியா இருக்காமே, அது இல்லை. இது ரஷ்யாவுக்குக் கீழே இருக்கிற தனி நாடு. நம்ம பிள்ளைக டாக்டருக்குப் படிக்க அங்கே போகுது, அதுகளுக்குச் சோறாக்கிப் போட நான் போனேன். திபிலிசியில் ஒரு வீட்டுக்கு அடியில், நிலவறையில் மெஸ். மூணு வருசம். என் பேரு சோலைமலை. அங்கே அது ஒருத்தருக்கும் தெரியாது. மாஸ்டர்னாத்தான் தெரியும்.

அறுபது பிள்ளைக சாப்பிட்டுச்சு சார். அறுபதில் அம்பத்தொன்பது படிக்க வந்தது. ஒண்ணே ஒண்ணுதான் நாட்டைத் திருத்த வந்தது.

அவன் பேரு யுகேந்திரன். வேப்பஞ்சுனை லைன்மேன் சன்னாசி மகன். முப்பது வருசம் கரண்டு மரத்தில் ஏறி ஏறிப் பிள்ளையைப் படிக்க அனுப்பினார் அந்த மனுசன். மகன் அங்கே வந்து என்ன செஞ்சான்? ஞாயித்துக்கிழமை ஆனா துரை கிளம்பிருவார். கழுத்தில் ஒரு மப்ளர், கையில் ஒரு குச்சி, குச்சி நுனியில் போன். மலை மேலே சர்ச்சு, மியூசியம், பொம்மலாட்டக் கொட்டகை, கந்தகத் தண்ணி ஊத்து, ஒண்ணு விடமாட்டான். பார்த்துட்டுச் சும்மா வரலாம்ல? வரமாட்டான். அதுக்கு முன்னாடி நின்னு நம்ம ஊர் அரசியலைப் பேசி வீடியோ போடுவான். சர்ச்சைப் பார்த்தா, "பாருங்க மக்களே, எவ்வளவு சுத்தம், நம்ம ஊரா இருந்தா இதுல நாலு கட்சிக் கொடி பறக்கும்"பான். பொம்மலாட்டம் பார்த்துட்டு, நம்ம தலைவர்களுக்கும் மேலே எவனோ கயிறு பிடிச்சிருக்கான்பான். கந்தகத் தண்ணியில் குளிச்சுட்டு வந்து, நம்ம அரசியலை இதில் ஒருதரம் முக்கி எடுக்கணும்பான். எதைப் பார்த்தாலும் அவனுக்கு அதுதான் நாக்கில் ஊறும், மசக்கைக்காரிக்கு மாங்காய் மாதிரி.

ஒருநாள் காய் வாங்கப் போறேன். அந்த ஊர்ச் சனம் தெருவை அடைச்சுக் கொடி பிடிச்சுக் கத்திக்கிட்டுப் போகுது. கிழவிக எல்லாம் கூட நடக்குது. இவன் அதுக்கு முதுகைக் காட்டி நின்னுக்கிட்டு, நம்ம ஊர்க்காரனுக்குத் தட்டிக் கேட்கத் தெரியாதுன்னு போனைப் பார்த்துப் பேசிக்கிட்டிருக்கான். "தம்பி, அவங்க எதுக்குப் போறாங்க?"ன்னு கேட்டேன். "அது ஏதோ லோக்கல் பாலிடிக்ஸ் மாஸ்டர்"ங்கிறான். எப்படி இருக்கு?

எனக்கு அரசியலே ஆகாது சார். நான் உண்டு, அடுப்பு உண்டு. ஒருத்தன் வம்புக்கும் போனதில்லை.

அவங்க அப்பா வேற மாதிரி. ஞாயித்துக்கிழமை மகன் ஊர் சுத்தப் போனதும் எனக்குப் போன் போடுவார். மகன்கிட்டக் கேட்டாச் சொல்லமாட்டானாம், என்கிட்டத்தான் கேட்கணுமாம். "அண்ணே, பய இந்த வாரம் ஒழுங்காச் சாப்பிட்டானா? மோர் ஊத்திக்கிறானா? சின்ன வயசுல கத்திரிக்காய ஒதுக்குவான், இப்ப திங்கிறானா?" நேரில் பார்த்ததே இல்லை சார். ஆனா அந்தக் குரல் எனக்குப் பழக்கமாயிருச்சு. என் கூடப்பிறந்தவன்கூட என்கிட்ட அவ்வளவு பேசினதில்லை.

அந்த மனுசன்தான் ஒருநாள் சொன்னார், ரிட்டயர் ஆயாச்சு, பஞ்சாயத்துத் தலைவருக்கு நிக்கப் போறேன்னு. எதுக்குன்னேன். வேப்பஞ்சுனையில் டேங்க் கட்டி ஆறு வருசமாச்சாம். ஊருக்கெல்லாம் குழாய் வந்துருச்சு, மேட்டுத் தெருவுக்கு மட்டும் வரலை. மனு எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சாம். "கரண்டு மேடு பள்ளம் பார்த்தா ஓடுது? நான் மேட்டுத் தெருவுக்கு லைன் இழுக்கலையாண்ணே? தண்ணியையும் ஏத்திப் பார்த்துருவோம்"னார். அவர் வீடும் மேட்டுத் தெருவில்தான். அவர் பொண்டாட்டி இன்னும் கீழ் பைப்பில் இருந்து குடம் தூக்குது. அவ்வளவுதான் சார் அவர் அரசியல். ஒரு குழாய்.

எதிர்த்து நின்ன ஆள் ஜெயக்கொடி. மூணு டிராக்டர், ஒரு செங்கல் சூளை. அதுக்கு மேலே என்ன சொல்ல.

இப்போ கொம்புக்கு வர்றேன். கார்த்திகை மாசம், அவங்க ஊர்ச் சாமி நாள் ஒண்ணு வந்துச்சு. எங்க மெஸ் இருந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒட்டாரின்னு ஒரு கிழவர். தன் கிராமத்தில் விருந்து, நீங்க வரணும்னு கூப்பிட்டார். கூப்பிட்டது என்னை. பேத்தி ஸ்கூல் போறப்ப எல்லாம் ஒரு வடை கொடுப்பேன், அந்தப் பாசம். இந்தப் பய எப்படியோ மோப்பம் பிடிச்சு, "மாஸ்டர், நானும் வர்றேன், கல்ச்சரைப் பார்க்கணும்"னு தொத்திக்கிட்டான். அந்த வருசம் எனக்கு மலைக்குப் போக லீவு கிடைக்கலை. ஆனாலும் மாலை போட்டுக்கிட்டேன், விரதத்தை விடக்கூடாதுன்னு. கறி ஆக்க வேற ஆளை விட்டுட்டுச் சுத்த சைவமா எலுமிச்சைச் சாதம் கிண்டி எடுத்துட்டுப் போனேன்.

அங்கே ஒரு முறை இருக்கு சார். விருந்துக்கு ஒருத்தர் தலைவர். அவர் எழுந்து ஒண்ணை வாழ்த்திப் பேசுவார். ஒவ்வொருத்தரும் அதைப் பத்தி நாலு வார்த்தை சொல்லிட்டுத்தான் குடிக்கணும். சாமிக்கு ஒரு வாழ்த்து, செத்தவங்களுக்கு ஒண்ணு, பெத்தவங்களுக்கு ஒண்ணு, பிறந்த மண்ணுக்கு ஒண்ணு. நம்ம ஊரில் பாட்டிலைத் திறந்தா அடுத்தவனைத் திட்டத்தான் வாய் திறக்கும். அங்கே கும்பிடுற மாதிரிக் குடிக்கிறான். விருந்தாளிக்குக் கொம்பில் கொடுப்பாங்க. இந்தக் கொம்புக்கு அடி கூர் பாருங்க, கீழே வச்சா நிக்காது, கொட்டிரும். கையில் வாங்கினா காலி பண்ணித்தான் ஆகணும்.

பிறந்த மண்ணுக்கு வாழ்த்து வந்தது. ஒட்டாரி இவன் கையில் கொம்பைக் கொடுத்து, உன் ஊரைப் பத்திச் சொல்லுப்பான்னார். இவன் போனில் சார்ஜ் இல்லை. "சாமி, உங்க போன்ல பிடிங்க"ன்னு என்கிட்டச் சொல்லிட்டு எழுந்தான். மாலை போட்டா எல்லாருக்கும் நான் சாமி. குடிக்காத ஆள் நான் ஒருத்தன்தானே, கை நடுங்காமப் பிடிச்சேன்.

ஒவ்வொரு வரியா, முதல்ல இங்கிலீசில் அவங்களுக்கு. ஒட்டாரி பேத்தி நீனோ அதை அவங்க பாஷையில் சொல்லுது. அப்புறம் இந்தப் பக்கம் திரும்பித் தமிழில் நமக்கு. எனக்கு அப்படியே பாடம் சார், எத்தனை தடவை கேட்டிருக்கேன். "எங்க ஊரு ஆட்டு மந்தை. முன்னாடி போற ஆடு கிடங்குல விழுந்தா பின்னாடி போறதும் விழும். ஆறு வருசமா ஒரு குழாய் கேட்டு மனு குடுக்குறாங்க. குடுத்துட்டு அதே ஆளுக்குத்தான் மாலை போடுறாங்க. ஒரு பொட்டலம் பிரியாணிய நீட்டினா எந்தப் பக்கம் வேணும்னாலும் திரும்பும் எங்க மேட்டுத் தெரு. இப்ப எங்க அப்பா அந்த மந்தைய மேய்க்கப் போறாராம். மந்தைக்கு வாழ்த்து, மேய்க்கப் போறவருக்கும் வாழ்த்து." சொல்லிட்டுக் கொம்பைத் தூக்கினான்.

நீனோ பாதியிலேயே பேச்சை நிறுத்திருச்சு. ஒட்டாரி கையில் இருந்த கிளாஸைக் குடிக்காம மேசையில் வச்சார். அவர் வச்சதும் விருந்தில் இருந்த பதினெட்டுப் பேரும் வச்சாங்க. இவன் மட்டும் கொம்பும் கையுமா நிக்கிறான். கீழே வைக்கவும் முடியாது, கூடக் குடிக்கவும் ஆள் இல்லை. கிழவர் மெதுவா ஏதோ சொன்னார். நீனோ அதை இவனுக்குச் சொல்லுச்சு. இவன் முகம் செத்துப் போச்சு. "என்ன தம்பி சொன்னாரு?"ன்னேன். "ஒண்ணுமில்ல சாமி"ன்னான்.

வேனில் திரும்பி வந்தோம். இறங்கும்போதுதான், "சாமி, அந்த வீடியோவ அழிச்சிருங்க"ன்னான். நான் தலையை ஆட்டினேன். வாயால் சொல்லலை. மாலை போட்டவன் பொய் சொல்லக் கூடாதுல்ல சார், அதனால தலையை மட்டும் ஆட்டினேன்.

அதோட முடிஞ்சிருக்கணும். அவனுக்குப் புத்தி வந்துச்சுன்னு நானும் நினைச்சேன். ஒரு மாசம் ஆகலை, மெஸ்ஸிலேயே ஒரு வீடியோ எடுத்தான். என் சாம்பார் வாளிக்கு முன்னாடி நின்னு, என் கரண்டியையே கையில் எடுத்து. "மக்களே, நம்ம ஊர் அரசியல் எங்க மெஸ் சாம்பார் மாதிரி. கரண்டிய விட்டுத் துழாவிக்கிட்டே இருக்கலாம். பருப்பு மட்டும் கைக்குச் சிக்காது. அது முன்னாடியே யார் தட்டுக்கோ போயிருச்சு." நாலாயிரம் பேர் சிரிச்சிருக்கான் சார். என் பொண்ணு மதுரையில் இருந்து போன் போடுது, "என்னப்பா, உன் சாம்பாரு ஊர் பூரா ஓடுது"ன்னு. கறிவேப்பிலை கிடைக்காத ஊர். துவரம்பருப்புக்கு மூணு பஸ் மாறிப் போகணும். மைனஸ் பத்தில் எழுந்து உலை வச்சவன் நான். எனக்கு எப்படி இருக்கும்?

சன்னாசி அன்னைக்கே போன் போட்டார். ஓட்டுக் கேட்டுக்கிட்டுத் தெருவில் நடந்துக்கிட்டே பேசுறார், மூச்சு வாங்குது. "சாமி, பய விளையாட்டாப் பேசிட்டான். அவனுக்குப் பதிலா நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். சோறு போடுற கை உங்க கை. மனசுல வச்சுக்காதீங்க சாமி." நான், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, சின்னப் பிள்ளைதான"ன்னேன்.

வச்சுட்டு அந்த விருந்து வீடியோவை என் மச்சினனுக்கு அனுப்பினேன். தவசி. ஆண்டிபட்டியில் செல்போன் கடை வச்சிருக்கான். சும்மா பார்க்கட்டும்னுதான் சார். ஒரு ஆள் பார்க்கத்தானே அனுப்பினேன். ஊருக்கெல்லாமா அனுப்பினேன்? வெளிநாட்டில் உட்கார்ந்துக்கிட்டு இந்தப் பய பேசுற லட்சணத்தைப் பாருடான்னு ஒரு வரி. அவ்வளவுதான். தவசி கடைக்கு ஜெயக்கொடி ஆளுக ரீசார்ஜ் பண்ண வருவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதாவது, வருவாங்கன்னு தெரியும். அன்னைக்கே வருவாங்கன்னு தெரியாது.

என்ன சார் அப்படிப் பார்க்கிறீங்க? பேசினது யாரு? நானா பேசினேன்?

உசிலம்பட்டி தாண்டியாச்சு போலிருக்கே. சீக்கிரம்தான் ஓட்டுறார்.

ஜெயக்கொடி என்ன செஞ்சார் தெரியுமா? அந்தக் கூத்தையும் கேளுங்க. ஒரு வெள்ளாட்டைப் பிடிச்சுக் கழுத்தில் மாலை போட்டு முன்னாடி நடத்திவிட்டார். பின்னாடி ஆட்டோ. ஆட்டோ மேலே ரேடியோக் குழாய். குழாய்க்குள்ளே இவன் குரல். "எங்க ஊரு ஆட்டு மந்தை." மேட்டுத் தெருவில் மட்டும் அஞ்சு நடை. அதுக்கு மேலே ஒரு வார்த்தை பேசலை. வாக்குக் கேட்கலை, சின்னத்தைச் சொல்லலை. ஆடும் குரலும், அவ்வளவுதான். எந்தத் தெருவுக்குத் தண்ணி ஏத்தறேன்னு சன்னாசி நின்னாரோ, அந்தத் தெருவே அவருக்குக் குத்தலை. பத்தொன்பது ஓட்டில் போச்சு.

குழாய் வரலை சார். ஜெயக்கொடி எதுக்குப் போடப் போறார்?

தோத்த மறுநாள் எனக்குப் போன் வந்தது. எடுக்க வேண்டாம்னு பார்த்தேன், எடுத்துட்டேன். "அண்ணே, ரெண்டு நாளாப் பய போன் எடுக்க மாட்டேங்கிறான். சாப்பிட்டானா?" சாப்பிடலைன்னேன். அப்புறம் சொல்றார், "மந்தைன்னு சொன்னான். சரி, மந்தைதான். அவுக அம்மாவும் அதே தெருவுலதான் குடம் தூக்குறா, அத மட்டும் மறந்துட்டான். எனக்குக் கோவம் இல்லைன்னு சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னாக் கேப்பான்."

சொன்னேன் சார். அன்னைக்கே சொல்லலை, ஒரு நாலு நாள் கழிச்சுச் சொன்னேன். வேலை இருந்துச்சு.

அந்த நாலு நாளும் பய அறையை விட்டு வரலை. மப்ளர் இல்லை, குச்சி இல்லை, மியூசியம் இல்லை. அஞ்சாம் நாள் மெஸ்ஸுக்கு இறங்கி வந்து வெங்காய மூட்டை மேலே உட்கார்ந்தான். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கேட்டுக்கிட்டான். அப்புறம், "மாஸ்டர், அன்னைக்கு ஒட்டாரி என்ன சொன்னார்னு கேட்டீங்கல்ல"ன்னான். "ஊரைத் திட்டணும்னா தெருவுல நின்னு திட்டு, நாங்களும் திட்டுறோம். கொம்பு கையில இருக்கும்போது சொன்னதக் குடிச்சுத்தான் ஆகணும், கீழ வைக்க இடம் கிடையாதுன்னாரு."

சொல்லிட்டு என்னையே பார்க்கிறான். "அந்த வீடியோ உங்க போன்ல மட்டும்தான மாஸ்டர் இருந்துச்சு?"

"நான்தான் அன்னைக்கே அழிச்சிட்டேனே"ன்னேன். அப்போ மாலையைக் கழட்டியிருந்தேன் சார். அதனால வாயாலயே சொல்லிட்டேன்.

"சரி மாஸ்டர்"னான். தட்டை எடுத்தான். ரெண்டு தரம் சாம்பார் வாங்கிச் சாப்பிட்டான். "பருப்பு நல்லா இருக்கு"ன்னான். திமிரைப் பாருங்க. அழிச்சிட்டேன்னு அன்னைக்கு நான் தூக்கிப் போட்ட அந்த ஒரு வார்த்தைக்கு அவன் ஒரு சண்டை போட்டிருந்தா, நானும் ரெண்டு வார்த்தை கேட்டிருப்பேன், தீர்ந்திருக்கும். போடலை. அதுக்கப்புறம் ஒரு வருசம் இருந்தேன். தினம் வந்து சாப்பிடுவான், தட்டைத் தானே கழுவி வைப்பான், போயிருவான். படிச்ச திமிரு சார், வேறென்ன.

நான் கணக்கு முடிச்சு ஊருக்குக் கிளம்பும்போது இதைக் கொண்டு வந்தான். அதே கொம்பு. ஒட்டாரிகிட்டப் போய்க் கேட்டு வாங்கியிருக்கான். அவங்க வீட்டில் ஒரு மாசம் திராட்சைத் தோட்டத்தில் கொடி வெட்டினானாம், அப்புறம்தான் கிழவர் கொடுத்தாராம். "அப்பாகிட்டக் குடுத்துருங்க மாஸ்டர். நீங்களே உங்க கையால குடுங்க. வேற யார்கிட்டயும் குடுத்தனுப்பாதீங்க." எதுக்கு அதை அவ்வளவு அழுத்திச் சொன்னான்னு எனக்கு விளங்கலை. கூரியரில் அனுப்பினா வராதா?

நான் இன்னைக்கு நேராப் போறேன் சார். சன்னாசி முகத்துக்கு நேரா நின்னு, இந்தாங்க, உங்க மகன் கொடுத்தது, உங்க மகனால்தான் நீங்க தோத்தீங்க, எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு பளிச்சுன்னு சொல்லிட்டு, ஒரு வாய் தண்ணிகூட வாங்கிக் குடிக்காம வந்துருவேன். தண்ணி எப்படிக் குடிக்கிறது? அந்தம்மா கீழே இருந்து தூக்கிட்டு வந்த தண்ணி.

ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டிருச்சா? அட.

சார், ஒரு உதவி. நீங்க ஆண்டிபட்டியில்தானே இறங்குறீங்க. வேப்பஞ்சுனை டவுன் பஸ் அங்கேயே நிக்கும், இருபது நிமிசம்தான். லைன்மேன் சன்னாசி வீடுன்னா சின்னப் பிள்ளைகூடக் காட்டும். இதைக் கொண்டு போய்க் கொடுத்துருங்களேன். எனக்குத் தேனியில் ஒரு ஆளைப் பார்க்கணும், இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. யார் கொடுத்ததுன்னு கேட்டா மகன்னு சொல்லுங்க. மெஸ் மாஸ்டர்னு சொல்ல வேண்டாம். பிடிங்க, பார்த்துப் பிடிங்க, கீழே வைக்காதீங்க.

இல்லையா? ஏன் சார், அந்தப் பக்கம்தானே போறீங்க. அவன் சொன்னா ஆச்சா? என் கையால்தான் கொடுக்கணும்னு சட்டமா? சரி, சரி, கொடுங்க. உங்ககிட்டப் போய்ச் சொன்னேன் பாருங்க. போயிட்டு வாங்க.

என்னங்க கண்டக்டர். தெரியுது, ஆண்டிபட்டிதான். ஆமா, டிக்கெட் ஆண்டிபட்டிக்குத்தான் வாங்கினேன். போன வாரமும் அப்படித்தான், அதுக்கு இப்ப என்ன? சிரிக்காதீங்க. தேனிக்கு ஒண்ணு கிழிங்க.

வாம்மா, உட்காரு. கூடையைக் கீழே வச்சுக்க. இல்லைம்மா, இதை மேலே வைக்கிறதுக்கு இல்லை. மடியிலேயே இருக்கட்டும்.